பித்தப்பைக் கல் குடலை அடைத்தால்: நடக்கும் தவறுகள்

வயதான பெண்மணிக்குச் சிறுகுடல் அடைத்திருக்கிறது. வழக்கமாகச் சந்தேகிக்கும் பழைய ஆபரேஷன் தழும்பும் வயிற்றில் இல்லை, குடலிறக்கமும் இல்லை. இந்த இடத்தில் பித்தப்பைக் கல்லை நினைக்காமல் விடுவதுதான் முதல் தவறு. நாள்பட்டுப் புண்ணான பித்தப்பை முன்சிறுகுடலோடு (சிறுகுடலின் முதல் பகுதி) ஒட்டி, நடுவில் ஓட்டை விழுந்து, கல் குடலுக்குள் இறங்கிவிடும். சின்னக் கல் மலத்தோடு போய்விடும். 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சிக்கும்.

கல் ஒரே இடத்தில் நிற்காது. மாட்டும், நழுவும், மறுபடி மாட்டும். வலியும் அப்படியே வந்து வந்து போகும். ‘இப்போ பரவாயில்லை’ என்று அவர் சொன்னதும் கேஸ் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

எக்ஸ்ரேயை மட்டும் நம்புவதும் சரியில்லை. அடைத்த குடல், பித்தநாளத்தில் காற்று, இடம் மாறிய கல் என்று கதிரியக்க மருத்துவர் ரிக்ளர் 1941இல் சொன்ன மூன்று அடையாளங்களும் அதில் சேர்ந்து தெரிவது குறைவு. சி.டி. ஸ்கேன்தான் கைகொடுக்கும். அதிலும் கொழுப்புக் கல் சில சமயம் கண்ணில் படாது. இன்னொன்று: முன்பே எண்டோஸ்கோப்பி வழியாகப் பித்தநாள வாயை வெட்டிவிட்டவர்களுக்கும் நாளத்தில் காற்று இருக்கும்; அதைக் கல்லின் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்ச்சத்தையும் பொட்டாசியத்தையும் சரிசெய்யாமல் அவசரமாக ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளக் கூடாது. தியேட்டரில் ஆசை அடங்க வேண்டும் என்பது என் கட்சி. கல்லை எடுத்தாலே அடைப்பு தீர்ந்துவிடும். தளர்ந்துபோன நோயாளிக்கு அதே அமர்வில் பித்தப்பையையும் எடுத்து ஓட்டையையும் தைக்கப் போவது தேவையற்ற ஆபத்து. உடல் தாங்கும் ஒருசிலருக்கு மட்டும் அது பொருந்தும்.

கல் மாட்டியிருக்கும் இடத்திலேயே குடலைத் திறப்பதும் தவறு. அங்கே சுவர் நைந்திருக்கும். கல்லை மெல்லப் பின்னோக்கித் தள்ளி, நல்ல பகுதியில் நீளவாக்கில் திறந்து, குறுக்குவாக்கில் தைத்தால் குடல் குறுகாது. முன்னோக்கி அழுத்திப் பெருங்குடலுக்குள் தள்ளப் பார்த்தால் சுவர் கிழியலாம். எடுத்த கல்லையும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்; பட்டை தீட்டியதுபோல் ஒரு முகம் தட்டையாக இருந்தால் அதோடு உரசிய இன்னொன்று எங்கோ இருக்கிறது. எப்படியிருந்தாலும் சிறுகுடல் முழுவதையும், பித்தப்பையையும் தடவிப் பார்க்காமல் வயிற்றை மூடக் கூடாது.

பித்தப்பை உள்ளேயே இருக்கிறது, மறுபடி வாந்தியும் உப்பலும் வந்தால் உடனே வர வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, வீட்டாரிடம் வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.