எம்ஜிபி காரின் இரட்டைக் கார்புரேட்டர்: மூன்று ஞாயிறுகளைத் தின்ற ஒரு கிளாம்ப்

என்னுடையது 1969-ஆம் வருட எம்ஜிபி. இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. துருவை வெட்டி, தகடு ஒட்டி, 1798 சிசி எஞ்சினையும் கிளப்பியாயிற்று. ஆனால் சிக்னலில் நின்றால் குலுங்கும், இரண்டு தும்மல், அப்புறம் அணைந்துவிடும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு கார்புரேட்டரும் ஒத்துப்போகவில்லை. அவற்றை ஒத்துப்போகச் செய்யும் வழிதான் இது.

பிளக், பாயிண்ட், வால்வு இடைவெளி மூன்றும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். அவை சரியில்லாமல் கார்புரேட்டரைத் தொடவே தொடாதீர்கள்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டர்களையும், எஸ்யூ வகைக் கார்புரேட்டர்களின் மேலுள்ள குடுவைகளையும் கழற்றித் துடையுங்கள். ஒன்றின் குடுவையையும் அதனுள் ஏறியிறங்கும் பிஸ்டனையும் மற்றதற்கு மாற்றிப் போட்டுவிடக் கூடாது. ஜோடி ஜோடியாகப் பொருத்திச் செய்தவை. அடியிலுள்ள ஜெட் நட்டை, ஜெட் (பெட்ரோல் வரும் சிறு குழாய்) தன் மேலுள்ள தளத்தோடு சமமாகும் வரை ஏற்றி, பிறகு 12 பட்டை (நட்டின் ஒரு பக்கம் ஒரு பட்டை) இறக்குங்கள். ஆறு பட்டை ஒரு சுற்று, ஆக இரண்டு சுற்று. எல்லாவற்றையும் மாட்டியபின் பிஸ்டனைத் தூக்கி விட்டால் ‘டக்’கென்று விழ வேண்டும். குடுவையில் 20 கிரேடு எண்ணெய் ஊற்றுங்கள். மூடி உட்கார இன்னும் கால் அங்குலம் இருக்கும்போதே கைக்குத் தடுப்புத் தெரிந்தால் அளவு சரி.

நான் மாட்டிக்கொண்டது இதற்கடுத்த இடத்தில்தான். இரண்டு கார்புரேட்டரின் த்ராட்டிலையும் (காற்றுப் பாதையைத் திறந்து மூடும் தகடு) ஒரு தண்டு இணைக்கிறது. அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்களைத் தளர்த்தாமல் ஐட்லிங் திருகை (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை வைப்பது) திருகினால், ஒன்றைத் தொட மற்றதும் சேர்ந்தே நகரும். மூன்று ஞாயிறு அப்படியே திருகிக்கொண்டிருந்தேன். எம்ஜி வைத்திருக்கும் பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். குனிந்து பார்த்தார். “கிளாம்பைத் தளர்த்தினாயா?” அவ்வளவுதான் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. சோக்கை இணைக்கும் தண்டையும் கையோடு தளர்த்திவிடுங்கள்.

இப்போது இரண்டு ஐட்லிங் திருகையும் முட்டும் இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று உள்ளே திருகி, எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டர் வாயில். இரண்டிலும் ‘உஸ்’ ஒரே அளவில் கேட்கும் வரை திருகுங்கள். காற்றை அளக்கும் கருவி கடையில் கிடைக்கிறது. என் ஓட்டு குழாய்க்குத்தான். விசிறியிடம் மட்டும் ஜாக்கிரதை.

அடுத்து கலவை. கார்புரேட்டரின் பக்கவாட்டில் பிஸ்டனைத் தூக்க இருக்கும் சிறு பின்னை மேலே தள்ளி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், நட்டை ஒரு பட்டை ஏற்றுங்கள். எஞ்சின் தள்ளாடினால் பெட்ரோல் குறைவு, ஒரு பட்டை இறக்குங்கள். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. கலவை மாறினால் ஐட்லிங்கும் மாறும் என்பதால் குழாயை மறுபடி காதில் வையுங்கள். கடைசியாக, இரண்டு த்ராட்டிலும் ஒரே நொடியில் திறக்கும்படி கிளாம்ப்களை இறுக்குங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இருவர் ஜெட் நட்டே காணோம் என்றார்கள். அவர்களுடையது பிந்தைய எச்ஐஎஃப் வகைக் கார்புரேட்டர். அதில் பக்கவாட்டில் ஒரு திருகு இருக்கும். வலப்பக்கம் திருப்பினால் பெட்ரோல் கூடும். இன்னொருவர் பின்னைத் தள்ளியும் ஒன்றும் நடக்கவில்லை என்றார். முதலில் கொஞ்சம் வெறுமனே நகரும். பிஸ்டனைத் தொட்ட பிறகுதான் கணக்கு.