தலையில் அடிபட்ட பிள்ளையை அன்றே மறுபடி ஆடவிடாதீர்கள்

14 வயதுக்கு உட்பட்டோருக்கான கால்பந்து அணிக்குப் பயிற்சி தருகிறேன். என் அணியில் ஒரே ஒரு விதிக்கு மட்டும் விலக்கே கிடையாது. மூளை அதிர்ச்சியோ (மண்டைக்குள் மூளை குலுங்கிப் பாதிக்கப்படுவது; ஆங்கிலத்தில் concussion) என்ற சந்தேகம் எழுந்தால் போதும், அந்தப் பிள்ளை அன்று மைதானத்துக்குள் திரும்பாது. இறுதிப்போட்டியாக இருந்தாலும் சரி.

மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் மயங்குவதே இல்லை. தலையில்தான் அடிபட வேண்டும் என்பதுமில்லை; உடம்பில் பலமாக மோதித் தலை வெடுக்கென்று உலுக்கப்பட்டாலும் வரலாம். விழுந்தவர் எழத் தாமதிக்கிறாரா, தள்ளாடுகிறாரா, வெறித்துப் பார்க்கிறாரா என்று முதலில் கவனியுங்கள். பிறகு அருகில் போய்க் கேளுங்கள்: "இது எந்த மைதானம்? முதல் பாதியா, இரண்டாம் பாதியா? கடைசி கோல் யார் அடித்தது? போன ஆட்டம் யாரோடு? ஜெயித்தோமா?" பதில் தடுமாறினால் வெளியே. பதில் எல்லாம் சரியாக இருந்தும் தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை என்றால் அப்போதும் வெளியே. "ஒன்றுமில்லை சார், ஆடுகிறேன்" என்பதை நான் கணக்கில் எடுப்பதேயில்லை. ஆடத் துடிக்கும் பிள்ளை வேறென்ன சொல்லும்? சில அறிகுறிகள் பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும். அதனால் பெற்றோரிடம் நடந்ததை நேரடியாகச் சொல்லிவிடுங்கள்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இரண்டாவது அடி. முதல் அடி ஆறுமுன் இன்னொன்று பட்டால், அரிதாக என்றாலும், மூளை வீங்கி உயிரே போகலாம். கனடாவின் ஒண்டாரியோவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற 17 வயது ரக்பி வீராங்கனை, சில நாட்களுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு 2013இல் இறந்தார். 2018இல் அங்கே அவர் பெயரிலேயே சட்டம் வந்தது.

மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கை கால் பலவீனம், இரட்டைப் பார்வை, எழுப்ப முடியாத தூக்கம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள். கழுத்து வலிக்கிறது என்றால் நகர்த்தவே கூடாது. இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், அடிபட்ட பிள்ளை மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்கேன் நன்றாக இருப்பதாலேயே மூளை அதிர்ச்சி இல்லை என்றாகிவிடாது. பொதுவாக ஸ்கேனில் அது தெரியாது. ஹெல்மெட்டும் மண்டை ஓட்டைக் காக்குமே தவிர, உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

முதல் ஓரிரு நாட்கள் ஓய்வு, செல்போனும் டிவியும் குறைவாக. இருட்டறையில் படுக்க வைக்க வேண்டாம், மெதுவாக நடக்கலாம். முதலில் பள்ளி, அப்புறம்தான் ஆட்டம். நடை, ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி என்று ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் கொடுங்கள். அறிகுறி திரும்பினால் ஒரு படி பின்வாங்குங்கள். மருத்துவர் அனுமதித்த பிறகே மோதல் உள்ள பயிற்சி, அதன்பின் போட்டி. நான்கு வாரம் தாண்டியும் தொந்தரவு நீடித்தால், மூளை அதிர்ச்சியில் அனுபவமுள்ள மருத்துவரைத் தேடிப் போங்கள்.