மழை நாளில் கேரவன், நடுநடுவே அடுத்தவர் வீடு

ஊரில் கேரவன் என்றால் நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் ஏசி வண்டி. ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு; கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், சிலதில் கழிப்பறைகூட உண்டு. ஹவுஸ் சிட்டிங்கைத் தமிழில் வீட்டுக்காவல் என்று எழுதினால் வாசலில் போலீஸ் நிற்கிற மாதிரி ஆகிவிடும், அதனால் ஹவுஸ் சிட்டிங் என்றே வைத்துக்கொள்கிறேன்: வெளியூர் போகிறவர்களின் வீட்டில் வாடகை இல்லாமல் தங்கி, அவர்களுடைய நாயையோ பூனையையோ கோழிகளையோ பார்த்துக்கொள்வது. சிட்னியிலிருந்து பசிபிக் ஹைவே பிடித்து வடக்கே போர்ட் மக்குவாரி, காஃப்ஸ் ஹார்பர், யாம்பா, பாலினா என்று இந்த இரண்டையும் கலந்து நானும் மனைவியும் சில முறை போய் வந்திருக்கிறோம். நனையாமல் திரும்பியது ஒரு முறைகூட இல்லை.

இந்தக் கரையில் மழை மும்முரமாக இருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில். காஃப்ஸ் ஹார்பரில் வருடத்துக்குச் சராசரியாக 1,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது, சென்னையைவிட அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர்தான் கொஞ்சம் காய்ந்த காலம். நடுவில் குளிர்காலத்திலும் ஈஸ்ட் கோஸ்ட் லோ என்று கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவானால் இரண்டு மூன்று நாள் காற்றும் மழையுமாகப் போட்டுப் புரட்டும். நம் ஊர் ஐப்பசி அடைமழை பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் ஐப்பசி மழையை நாம் கான்கிரீட் கூரைக்குக் கீழே உட்கார்ந்து பார்த்தோம், இங்கே அலுமினியத் தகடு.

முதலில் வீடு, அப்புறம் வண்டி

பெரும்பாலானவர்கள் பாதையைப் போட்டுவிட்டு வழியில் வீடு கிடைக்குமா என்று தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். விடாத மழையில் கேரவனில் சுகமாக இருக்க முடிவது நாலு நாள், மிஞ்சிப்போனால் ஐந்து. ஆறாவது நாள் துண்டு காயாது, தலையணை நாறும், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டீர்கள். அதனால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு வீடு என்று தேதிகளை முதலில் உறுதி செய்துகொண்டு, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் விழுகிற இடைவெளியை மட்டும் கேரவன் பார்க்கில், அதாவது வாடகை கட்டி வண்டியை நிறுத்தித் தங்குகிற இடத்தில், கழியுங்கள். வீட்டில் இருக்கிற நாட்களில் வண்டி காயும், துணி காயும், மனசும் காயும்.

வீடு பிடிக்க ஆஸ்ஸி ஹவுஸ் சிட்டர்ஸ், மைண்ட் எ ஹோம் மாதிரி இணையதளங்கள் இருக்கின்றன, வருடச் சந்தா கட்ட வேண்டும். கிறிஸ்துமஸ், ஜனவரி விடுமுறைக்கும், ஐரோப்பாவில் கோடை நடக்கிற ஜூன், ஜூலைக்கும் வீடுகள் நிறைய வரும். முதல் வீடு கிடைப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் உங்களுக்கு இன்னும் யாரும் நற்சான்று எழுதியிருக்க மாட்டார்கள். வாடகை வீட்டுக்காரரிடமோ பக்கத்து வீட்டுக்காரரிடமோ நாலு வரி வாங்கிப் போடுங்கள், நாயோடு நீங்கள் இருக்கிற படம் ஒன்று போடுங்கள். உள்ளூரிலேயே ஒரு சனி ஞாயிறுக்கு யாராவது கேட்டால் மறுக்காமல் போய்விட்டு வாருங்கள், அந்த இரண்டு நாள் நற்சான்று பிறகு இரண்டு வார வீட்டைக் கொண்டுவரும்.

வீடியோ காலில் வீட்டுக்காரரிடம் நாயின் பெயரையும் சாப்பாட்டையும் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மழைக்காலத்தில் கேட்க வேண்டியவை வேறு. வீட்டுக்கு வரும் ரோட்டில் எந்த இடத்தில் தண்ணீர் ஏறும், ஏறினால் எத்தனை நாள் வழி அடைபடும்? கேரவனை எங்கே நிறுத்தலாம், சரிவா, மேலே மின்கம்பி போகிறதா? யூகலிப்டஸ் மரத்தடி என்றால் நன்றி சொல்லி வேறு இடம் கேளுங்கள், அது காற்றில்லாத நாளில்கூடக் கிளையை உதிர்க்கும் மரம். இடிச் சத்தத்துக்கு நாய் என்ன செய்யும்? மின் இணைப்புப் பெட்டி, தண்ணீர் வால்வு எங்கே? கழிவுநீர் செப்டிக் டேங்கா? ஆமாம் என்றால், நாலு நாள் மழையில் மண் ஊறிப்போய் டேங்க் தண்ணீரை வாங்காது, வாஷிங் மெஷினை அந்த நேரத்தில் ஓயாமல் ஓட்டக் கூடாது. இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, குளியலறைத் தரைச் சல்லடை வழியாகத் தண்ணீர் மேலே வந்தபோதுதான் தெரிந்தது.

உள்ளே இருக்கிற ஈரம்

கேரவனில் மேலேயிருந்து ஒழுகுவதைவிடப் பெரிய தொல்லை உள்ளேயே உருவாகும் ஈரம். இரண்டு பேர் இரவு முழுக்க விடும் மூச்சு, ரசம் கொதித்த ஆவி, நனைந்த ஜெர்கின், எல்லாம் குளிர்ந்த சுவரில் போய் நீராகப் படிகிறது. முதல் பயணத்தில் ஐந்தாம் நாள் காலை மெத்தையைச் சும்மா தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்கக் கருப்பு எள்ளைத் தூவின மாதிரி புள்ளிகள், தொட்டால் விரலில் ஒட்டியது. பூசணம். மேலே நாங்கள் படுத்திருந்த விரிப்பு சுத்தமாக, உலர்ந்துதான் இருந்தது.

அன்றிலிருந்து வழக்கம் இதுதான். எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவது, தலைக்கு மேலே இருக்கிற ஹாட்ச்சையும் எதிர்ப்பக்க ஜன்னலையும் இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைப்பது, மழை பெய்தாலும் சரி. மெத்தைக்கு அடியில் காற்று போக ஒரு பிளாஸ்டிக் வலைப்பாய். ஏசியில் டிரை என்று ஒரு பட்டன் இருக்கும், அதைக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், பார்க்கில் மின்சாரம் பெரும்பாலும் இடத்து வாடகையிலேயே சேர்ந்துவிடும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாவை அலமாரிக்குள் வைக்கலாம், வண்டி நகரும் முன் அதில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், மறந்தால் துணியெல்லாம் பிசுபிசுக்கும். குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தாதீர்கள். ஈரமும் கூடும், கார்பன் மோனாக்சைடும் சேரும், அது வாசனை இல்லாமல் ஆளை முடித்துவிடும்.

அப்பளம் ஒரு மணி நேரத்தில் நமத்துப் போகும், உப்பு கட்டிதட்டும். தாளிப்பு, கருவாடு சமாசாரங்களை வீட்டுக்காரர் சமையலறையில் செய்யாமல் வெளியே நிற்கிற கேரவனின் பந்தலுக்கடியில் வைத்துக்கொள்வது எங்கள் ஏற்பாடு. பெருங்காய வாசனைக்கு இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

பந்தல் என்றேனே, அந்தச் சுருட்டி இழுக்கிற ஆனிங்கை ஒருபோதும் மட்டமாக விரிக்காதீர்கள். ஒரு மூலைக் காலை நன்றாக இறக்கி, தண்ணீர் அந்தப் பக்கமாக வழிகிற மாதிரி வையுங்கள். உருங்காவில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மனைவி என்னைத் தட்டி எழுப்பி, "என்னங்க, வெளியில எருமை வயிறு மாதிரி ஏதோ தொங்குது" என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தால் துணி முழுக்கத் தண்ணீர் தேங்கி, கம்பி வளைந்துகொண்டிருந்தது. துடைப்பத்தால் அடியிலிருந்து தூக்கினேன், அவ்வளவும் என் தலையில். காற்று எழும்புகிற மாதிரி தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், சுருட்டிவிடுங்கள்.

பார்க்கில் இடம் பிடிக்கும்போது

இந்தக் கரையின் அழகான கேரவன் பார்க்குகளில் பல ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இருக்கின்றன. உருங்கா, நம்பக்கா ஹெட்ஸ், யாம்பா, பிரன்ஸ்விக் ஹெட்ஸ் எல்லாம் அப்படித்தான். மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் வந்து சேர, அதே நேரம் கடல் ஓதம் ஏறியிருந்தால் தண்ணீர் போக்கிடம் இல்லாமல் பார்க்குக்குள் வரும். ஆகவே ஆற்றைப் பார்த்த முதல் வரிசை இடத்தை மழை நாளில் விட்டுக்கொடுத்துவிட்டு, பின்னால் மேடான இடத்தில், கான்கிரீட் தளம் போட்டதைக் கேளுங்கள். புல்தரை என்றால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கதை. சக்கரம் சேற்றில் சுழல ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரை அழுத்தினால் இன்னும் ஆழமாகப் புதையும், அதனால் நிறுத்தி இறங்கி, பிளாஸ்டிக் தடப்பலகையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகி மெல்ல எடுங்கள். அல்லது பார்க் நடத்துகிறவரின் டிராக்டருக்குச் சொல்லியனுப்புங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2022 பிப்ரவரி 28 அன்று, கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற லிஸ்மோரில் ஆறு 14 மீட்டரைத் தாண்டியது, அதற்கு முந்தைய உச்சத்தைவிட 2 மீட்டருக்கு மேல் அதிகம். 2025 மே மாதம் டாரியில் மேனிங் ஆறு 1929 வெள்ளத்தின் அளவைத் தாண்டியது. "போன தடவை இதுவரைதான் வந்தது" என்று பக்கத்து வண்டிப் பெரியவர் சொல்வதை நம்பிக் காத்திருக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டும் போதும். ஃபோனில் வெள்ளம், புயல் எச்சரிக்கை தரும் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலியைப் போட்டு, நீங்கள் தங்கும் இடத்தைக் குறித்து வையுங்கள். எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலையில் வரும். மஞ்சளிலேயே நான் கேரவனை மாட்டிவிடுவேன், ஏனென்றால் இருட்டில், மழையில், கேரவனைத் தாங்கி நிற்கிற நாலு கால்களையும் ஏற்றி வண்டியை மாட்ட எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. கூரை பிய்ந்தது, தண்ணீர் உள்ளே வருகிறது என்றால் எஸ்இஎஸ் என்கிற மாநில அவசர உதவிப் படையின் எண் 132 500, உயிருக்கு ஆபத்து என்றால் 000. ரோட்டில் தண்ணீர் ஓடினால் ஆழம் பார்க்கப் போகாதீர்கள், திரும்புங்கள். கேரவன் பின்னால் இருக்கும்போது திரும்புவதே பெரும்பாடு, அதனால் புறப்படும் முன் எந்த ரோடு மூடியிருக்கிறது என்று சொல்லும் லைவ் டிராஃபிக் தளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஓட்டுவதில் இரண்டு விஷயம்தான். கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு காரின் கொக்கி மேல் உட்கார வேண்டும், கனமான சாமானைப் பின்பக்கம் ஏற்றினால் வண்டி வால் ஆட்டும். ஆட ஆரம்பித்தால் கார் பிரேக்கை மிதிக்காமல் வேகத்தை மெல்ல விடுங்கள். நனைந்த ரோட்டில் நான் எண்பதுக்கு மேல் போவதில்லை, பின்னால் வருகிறவர்கள் திட்டிக்கொண்டே தாண்டிப் போகட்டும்.

நாயும் உண்ணியும்

இந்தக் கிழக்குக் கரையில் பராலிசிஸ் டிக் என்று ஒரு உண்ணி. ஈரமும் வெதுவெதுப்பும் அதற்குக் கொண்டாட்டம், வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் நிறைய இருக்கும். நாயைக் கடித்தால் பின்னங்கால் தள்ளாடும், குரைப்பு மாறும், வாந்தி வரும், கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். வீட்டுக்காரர் தடுப்பு மாத்திரை கொடுத்திருந்தாலும் தினமும் ஒரு முறை விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், விரல் இடுக்கில். போர்ட் மக்குவாரி பக்கம் ஒரு வீட்டில் வயதான லாப்ரடார், உதட்டு மடிப்புக்குள் மிளகு அளவில் சாம்பல் நிறமாக ஒன்று இருந்தது. நாங்கள் அதை அழகான மரு என்று நினைத்துவிட்டோம், மறுநாள் அது பட்டாணி ஆகியிருந்தது. நல்ல வேளை, கால்நடை மருத்துவர் எண்ணும் பணம் கட்டும் அனுமதிக் கடிதமும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தன. நாயும் பிழைத்தது. இந்தக் கடிதத்தை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு வாங்குங்கள்.

மனிதர்களையும் கடிக்கும். இந்த உண்ணிக்கடிக்குப் பிறகு சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறியே ஒவ்வாமல் போய்விடுகிறது, பிரியாணிக்காரர்கள் புல்லில் முழுக்கால் சட்டை போட்டு நடங்கள்.

வீட்டு வாசலில் கேரவனுக்கு மின்சாரம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேரவன் பிளக் 15 ஆம்பியர், அதன் எர்த் முள் பெரிது, சாதாரண வீட்டு 10 ஆம்பியர் சாக்கெட்டில் ஏறாது. முள்ளை அரத்தால் தேய்த்துச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதைச் செய்யாதீர்கள். பாதுகாப்பு ஸ்விட்ச் வைத்த அடாப்டர் பெட்டி கடையில் கிடைக்கும். வயர் இணைப்பைத் தரையில் போடாமல் எதன் மேலாவது தூக்கி வையுங்கள்.

காஃப்ஸ் ஹார்பருக்கு வடக்கே வூல்கூல்காவில் குருத்வாரா பார்க்கலாம், அங்கே பஞ்சாபிக் குடும்பங்கள் வாழையில் தொடங்கி இப்போது புளூபெர்ரி போடுகிறார்கள். மழை விடாத நாளில் போக நல்ல இடம்.

கிளம்புகிற நாளில் படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயவைத்து, குப்பைத் தொட்டியைச் சரியான நிறம் பார்த்து ரோட்டோரம் வைத்து, ஃப்ரிட்ஜில் பாலும் ரொட்டியும் வாங்கி வைத்துவிட்டு வாருங்கள். ஆனிங்கை நனைந்தபடியே சுருட்டியிருந்தால், சிட்னி வந்ததும் முதல் வெயிலில் அதை விரித்துக் காயவிடுங்கள். நாங்கள் ஒரு முறை மூன்று வாரம் மறந்துபோனோம், திறந்தபோது அந்த எள் மறுபடியும்.