வீலை மாற்றாமல் பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக் போடுவது எப்படி

போன வருடம் அப்பாவின் அம்பாசடரில் ஐந்து பேராக ஏற்காட்டில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டியிருப்போம், தீய்ந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி தன் பாட்டுக்குப் போனது. முதல் கியருக்குத் தட்டி, ஹேண்ட்பிரேக்கையும் இழுத்து, மலைப் பக்கம் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். அம்மா வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பக்கம் டிஸ்க் போடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். வீலை மட்டும் தொடுவதாக இல்லை. அந்த இரும்பு ரிம்மும் குரோம் வீல் கப்பும் போய்விட்டால் அது அப்பாவின் வண்டியே இல்லை.

ஏன் அப்படி ஆனது என்பது முதலில் புரிய வேண்டும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆட்களோடு கிட்டத்தட்ட ஒன்றரை டன் எடையை 1200 மீட்டர் கீழே இறக்குகிறோம், அதில் எஞ்சின் தாங்கியது போக மிச்சத்தில் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக மாறுகிறது. வண்டியில் இருந்தது டிரம் பிரேக், சக்கரத்தோடு சுற்றும் டிரம்மின் உள்சுவரை ஷூ என்ற வளைந்த கட்டை அழுத்திப் பிடிக்கும். டிரம் மூடின பாத்திரம் மாதிரி, சூடு உள்ளேயே நிற்கும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கின் பிடிப்பு போய்விடும். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் தட்டு, கேலிப்பர் என்ற கவ்வி அதை இரண்டு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் பிடிக்கும். தட்டு காற்றில் திறந்து சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காவிட்டால் லைனிங் சூடேறியிருக்கிறது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

முதல் படி, இருக்கிற டிரம்மைச் சரி செய்யுங்கள். டிஸ்க் போட்டாலும் பின்பக்கம் டிரம்தான் இருக்கப் போகிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். டிரம்மைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதக் கூடாது, ஏர் அடிக்கவும் கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள், உள்ளே ஈரம் தெரிந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர் இதோடு நிறுத்திக்கொண்டாலும் போதும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது படிதான் முக்கியம், இதில் அவசரப்பட்டால் காசு போய்விடும். டிஸ்க்கை வாங்கிவிட்டு வீலைத் தேடாதீர்கள், வீலை அளந்துவிட்டு டிஸ்க்கைத் தேடுங்கள். 15 இஞ்ச் ரிம் என்றால் உள்ளே 15 இஞ்ச் இடம் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த 15 இஞ்ச், அதாவது 381 மில்லிமீட்டர், டயர் வந்து உட்காரும் இடத்தின் விட்டம். ரிம்மின் நடுவில் டயர் ஏற்றுவதற்காக ஒரு பள்ளம் இருக்கும், அது உள்பக்கம் புடைத்து நிற்கும். கேலிப்பருக்கு மிஞ்சுவது அதையும் கழித்த இடம். பத்மினி கார் வைத்திருப்பவர்களுக்கு 14 இஞ்ச்தான், இன்னும் நெருக்கம்.

அளப்பதற்கு நான் செய்தது இதுதான். வீலைக் குப்புறப் போட்டு, உள்பக்க வளைவுக்குச் சரியாக ஓர் அட்டையை வெட்டி எடுத்தேன். கடையில் கேலிப்பரைக் கையில் கொடுத்ததும் அந்த அட்டையை வைத்துப் பார்த்தேன், முதலில் காட்டிய இரண்டும் இடித்தன. மூன்றாவது அடங்கியது. அதை மாட்டிய பிறகு பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைச் சின்ன உருண்டைகளாக உருட்டி, கேலிப்பரின் மேலும் வெளிமுகத்திலும் ஒட்டி, வீலை மாட்டி நட்டை முறுக்கி, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றினேன். கழற்றிப் பார்த்தால் நசுங்கிய களிமண்ணில் எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறதோ அதுதான் உண்மையான இடைவெளி. மேல்பக்கம் 5 மில்லிமீட்டர் இருந்தது, வெளிமுகத்தில் 2 கூட இல்லை. வளைவில் திரும்பும்போது வீல் கொஞ்சம் வளையும், பழைய ரிம் நேராகவும் இருக்காது, அதனால் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேலிப்பர் பிராக்கெட்டை லேத்தில் கொடுத்துச் சரி செய்து, டிஸ்க்கின் நடுவில் கேலிப்பர் உட்காருகிறதா என்று பார்த்து, களிமண்ணை மறுபடி ஒட்டி அளந்தேன். வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் தகடு வைத்து வீலை வெளியே தள்ளலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார், வேண்டாம் என்றேன். வீலைத் தாங்கும் போல்ட்டான ஸ்டட்டில் நட் பிடிக்கும் மரை குறைந்துவிடும், பேரிங்குக்கும் பாரம் கூடும்.

பின்னாளில் வந்த இசுசு எஞ்சின் அம்பாசடர்களில் சில மாடலுக்குக் கம்பெனியே முன்பக்கம் டிஸ்க் கொடுத்தது. அந்தப் பாகங்கள் முழு செட்டாகக் கிடைத்தால் வேலை பாதி குறையும். கிடைத்தாலும் களிமண் சோதனையை விடாதீர்கள்.

மூன்றாவது மாஸ்டர் சிலிண்டர், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைன்களில் தள்ளுவது இதுதான். கேலிப்பர் பிஸ்டன் பெரியது, ஆயில் அதிகம் கேட்கும். பழைய சிலிண்டரையே வைத்தால் பெடல் தரைவரை போகலாம். ரொம்பப் பெரியதாகப் போட்டால் கல் மாதிரி இறுகும். கேலிப்பர் எந்த வண்டியுடையதோ அதன் அளவை ஒட்டி எடுப்பது நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை இருக்கும் டேண்டம் வகையாகவே வாங்குங்கள், ஒரு லைன் ஒழுகினாலும் இன்னொன்று பிடிக்கும். டிரம் வண்டியின் மாஸ்டர் சிலிண்டரில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்க வைக்கும் வால்வு இருக்கும், டிஸ்க் லைனில் அது இருந்தால் பேட் ஒட்டிக்கொண்டே சுற்றிச் சூடாகும். டிரம் ஷூ சுற்றும் வேகத்தில் தானே இறுகிக்கொள்ளும், டிஸ்க் அப்படி இல்லை, கால் பலம் அதிகம் வேண்டும். அதனால் எஞ்சின் வேக்குவத்தை (காற்றுறிஞ்சலை) வைத்து மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரும் தேவை. பெட்ரோல் எஞ்சினில் இன்டேக்கில் இருந்து வேக்குவம் எடுக்கலாம், டீசலுக்குத் தனி வேக்குவம் பம்ப் வேண்டும்.

அப்புறம் ஆயில். டாட் 4 என்ற தரத்தில் உள்ள பிரேக் ஆயிலை ஊற்றுங்கள். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, டாட் 3 என்றால் 205. ஈரம் உறிஞ்சிய பிறகு 155-ம் 140-ம்தான், அதனால் மலை ஏறுகிறவர்கள் வருடம் ஒரு முறை மாற்றுங்கள். ஏர் எடுக்கும்போது, அதாவது லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான வீலில் தொடங்க வேண்டும், நம் வண்டிகளில் பெரும்பாலும் பின் இடது. ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் வீல் பக்கம் இருக்கும் ஏர் திருகான நிப்பிளைத் திறந்து மூடுவது. பெடலை விடும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும்.

புதுப் பேட் பழக வேண்டும். ஊருக்கு வெளியே காலியான சமதள ரோட்டில் 50-ல் இருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், இடைவெளி விட்டு ஏழெட்டு முறை பிடியுங்கள். ஈர ரோட்டில் குறைந்த வேகத்தில் ஓங்கிப் பிடித்தும் பாருங்கள். பின் சக்கரம் முதலில் லாக் ஆனால் பின் லைனின் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடாமல் மலை ஏறாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரங்களோடு முரண்படும் மாற்றத்தை மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 அனுமதிப்பதில்லை, அதனால் வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நான் முதல் நாள் அடிவாரத்தில் இருந்து மூன்றாவது வளைவு வரை மட்டும் ஏறி, செகண்ட் கியரிலேயே இறங்கி, நான்கு வீலுக்கும் பக்கத்தில் கையை நீட்டி அனல் பார்த்தேன். முன்பக்கம் இரண்டும் ஒரே அளவு. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே ஏதோ இழுக்கிறது என்று அர்த்தம். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டை மறுபடி முறுக்கினேன். கழற்றிய டிரம், ஷூ எல்லாவற்றையும் கிரீஸ் தடவி சாக்கில் கட்டி பரணில் வைத்திருக்கிறேன். வீல் கப்பை அப்பாதான் துடைத்து மாட்டினார்.