‘ராஜ்யசபாவில் பாஸாயிடுச்சு!’: செய்தி படிக்கும்போதும் பகிரும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் இருக்கும் எங்கள் படிப்பகத்தின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய முக்கியச் செய்தியை சாக்பீஸால் எழுதி வைப்பது பல வருஷமாக என் வேலை. 2010 மார்ச் 10ஆம் தேதி காலையில் கொட்டை எழுத்தில் இப்படி எழுதினேன்: ‘பெண்களுக்கு 33 சதவீத இடஒதுக்கீடு சட்டமாயிற்று’. காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வந்த அக்கா ஒருவர் நின்று, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அப்போ கோட்டைக்கு நாங்களும் போலாமா தம்பி?” என்றார். “தாராளமா போலாம்க்கா” என்றேன்.

நான் எழுதியது தப்பு. முந்தைய நாள் நடந்தது இவ்வளவுதான்: மக்களவையிலும் (லோக்சபா) சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் அந்த அரசியல் சட்டத் திருத்த மசோதா மாநிலங்களவையில், அதாவது ராஜ்யசபாவில், 186க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. அப்புறம் மக்களவை அதை வாக்கெடுப்புக்கு எடுக்கவே இல்லை. 2014இல் அந்த மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாநிலங்களவை கலைவதே கிடையாது. ஆறு வருஷப் பதவிக்காலம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுவார்கள், அவ்வளவுதான். அதனால் அங்கேயே நிலுவையில் கிடக்கும் மசோதாவுக்கு, மக்களவை அதை ஏற்கெனவே நிறைவேற்றி அனுப்பியிருந்தால் தவிர, மக்களவை கலைந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த மசோதா மாநிலங்களவையைத் தாண்டி மக்களவைக்குப் போய்ச் சேர்ந்ததால்தான் காலாவதியானது.

2023இல் புது மசோதா வந்தது. செப்டம்பர் 20இல் மக்களவை, 21இல் மாநிலங்களவை (எதிர்ப்பு ஒன்றுகூட இல்லாமல் 214 வாக்குகள்), 28இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். இந்தமுறை ‘சட்டமாயிற்று’ என்று தைரியமாக எழுதினேன். அதே அக்கா, “இந்த எலெக்சன்லயே உண்டா?” என்று கேட்டார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருந்ததை அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆக, ‘நிறைவேறியது’ என்று பார்த்தால் எந்த அவையில் என்று கேளுங்கள். ‘சட்டமானது’ என்று பார்த்தால் எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.

அடுத்த தவறு வாட்ஸ்அப்பில் நடப்பது. எண்ணூர் எண்ணெய்க் கசிவைப் பற்றி நம் மாநிலத்து ராஜ்யசபா உறுப்பினர் ஒருவர் ஆவேசமாகப் பேசும் வீடியோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அமைச்சரைத் திணறடித்தார்’ என்று மேலே எழுதியிருக்கும். பகிர்வதற்கு முன்னால் அது எந்த நேரத்தில் பேசியது என்று பாருங்கள்.

மாநிலங்களவை காலை 11 மணிக்குக் கூடும். முதலில் அறிக்கைகளை, ஆவணங்களை மேசையில் வைப்பார்கள். பிறகு உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் பூஜ்ய நேரம், நம் சட்டமன்றச் செய்திகளில் ‘நேரமில்லா நேரம்’ என்று வருமே, அதுதான். 12 மணிக்குக் கேள்வி நேரம். மதிய உணவு இடைவேளைக்குப் பிறகு மசோதா விவாதங்கள். மக்களவையில் இது தலைகீழ்: 11 மணிக்கே கேள்வி நேரம். மாநிலங்களவையிலும் முன்பு அப்படித்தான் இருந்தது, 2014 நவம்பரில்தான் மாற்றினார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்க எங்கள் படிப்பகத்துக்கு வரும் பிள்ளைகள் பழைய கைடைப் பார்த்துவிட்டு என்னோடு சண்டைக்கு வருவது இந்த விஷயத்தில்தான்.

நேரம் ஏன் முக்கியம்? பூஜ்ய நேரத்தில் பேசுவதற்கு அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பல நேரம் சம்பந்தப்பட்ட அமைச்சர் அவையிலேயே இருக்க மாட்டார். முன்கூட்டியே அனுமதி வாங்கி, மூன்று நிமிஷம் பேசலாம். மூன்று நிமிஷம் ஆனதும் மைக் தானாக அணைந்துவிடும். ‘மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று சுற்றும் வீடியோக்களில் சில இந்த வகை. எல்லாமே அப்படி என்று நான் சொல்லவில்லை, அவைத் தலைவர் அழைக்காத உறுப்பினருக்கு மைக் கிடைக்காமல் போவதும் உண்டு. எது என்று தெரிய வேண்டுமானால் முன்னும் பின்னும் ஐந்து நிமிஷம் பார்த்தாக வேண்டும். 15 விநாடித் துண்டில் அது தெரியாது.

கேள்வி நேரம் வேறு கதை. நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். ஒரு நாளைக்கு 15 கேள்விகள்தான் இந்தப் பட்டியலில் வரும். நட்சத்திரம் இல்லாதவை 160 வரை. அவற்றுக்கு எழுத்துப்பூர்வ பதில்தான், யாரும் எழுந்து நின்று பேசுவதில்லை. ஆனால் பத்திரிகைக் குறிப்பில் ‘மாநிலங்களவையில் உறுப்பினர் கேள்வி எழுப்பினார், அமைச்சர் பதிலளித்துப் பேசினார்’ என்று வந்துவிடும், ஏதோ காரசாரமாக மோதிக்கொண்டது போல. இப்படி எழுதாதீர்கள். அதேசமயம் எழுத்துப்பூர்வ பதில்தானே என்று ஒதுக்கவும் வேண்டாம். எவ்வளவு நிதி ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு செலவானது, எத்தனை மீனவர்கள் எந்த நாட்டுச் சிறையில் இருக்கிறார்கள் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் கிடைக்கும். மாநிலங்களவை இணையதளத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம். கத்தல் வீடியோவை விட அந்த ஒரு பக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

காலி நாற்காலிப் படம் இன்னொன்று. மொத்தம் 245 இடம், அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 பேர் இருந்தால் போதும். கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் காலியாகத் தெரியத்தான் செய்யும். வருகை குறைவு என்று திட்டலாம், தப்பில்லை. ‘செல்லாத கூட்டம்’ என்று எழுதுவதுதான் தப்பு.

‘குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது’ என்பதை ‘ஒருமனதாக’ என்று மாற்றி எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆதரிப்போர் ஆம் என்றும் எதிர்ப்போர் இல்லை என்றும் குரல் கொடுப்பார்கள், எந்தப் பக்கம் ஓங்கியது என்று அவைத் தலைவர் சொல்வார். எதிர்ப்புக் குரலும் அதில் இருந்திருக்கலாம். டிவிஷன், அதாவது எண்ணிக்கை வாக்கெடுப்பு கேட்டு, பொத்தானை அமுக்கி வாக்களித்தால்தான் யார் எந்தப் பக்கம் என்ற எண்ணிக்கை வரும்.

இங்கே ‘அவைத் தலைவர்’ என்கிறேன், ‘சபாநாயகர்’ என்று சொல்லவில்லை. சபாநாயகர் மக்களவைக்கு. மாநிலங்களவைக்குத் தலைமை குடியரசுத் துணைத் தலைவர். 2025 செப்டம்பரில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன். அவர் அந்த அவையின் உறுப்பினர் இல்லை, வாக்குகள் சமமாக நின்றால் மட்டுமே வாக்களிப்பார். ஒத்திவைப்புத் தீர்மானம், நம்பிக்கையில்லாத் தீர்மானம் இரண்டும்கூட மக்களவைச் சரக்குதான். மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் கொடுப்பது 267ஆம் விதியின்கீழ் நோட்டீஸ்: பட்டியலில் உள்ள அலுவலை நிறுத்திவிட்டு எங்கள் விஷயத்தைப் பேசுங்கள் என்று கேட்பது. நம் பத்திரிகைகளே இதை ‘ஒத்திவைப்பு நோட்டீஸ்’ என்று எழுதிப் பழக்கிவிட்டன.

பட்ஜெட் சமயத்தில், ‘ராஜ்யசபா நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே’ என்று யாராவது டீக்கடையில் ஆரம்பிப்பார். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மாநிலங்களவை நிராகரிக்க முடியாது. 14 நாளுக்குள் பரிந்துரையோடு திருப்பி அனுப்பலாம், அந்தப் பரிந்துரையை ஏற்பதும் தள்ளுவதும் மக்களவை இஷ்டம்.

அவைக்குறிப்பிலிருந்து நீக்கிய வார்த்தைகளை ‘நீக்கப்பட்ட பேச்சு இதோ’ என்று போடாதீர்கள். அது அவையின் உரிமையை மீறிய பிரச்சினையாகலாம்.

ஊர்ப் பெரியவர்கள் சிலர் ‘மேல்சபை’ என்றாலே எம்.எல்.சி. (மேலவை உறுப்பினர்) காலத்துக்குப் போய்விடுவார்கள். அது தமிழக சட்ட மேலவை, 1986இல் ஒழிக்கப்பட்டது. டெல்லியில் இருப்பது மாநிலங்களவை. நம் மாநிலத்துக்கு அதில் 18 இடம், எம்.எல்.ஏ.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் ராஜ்யசபா எம்.பி.க்குத் தொகுதி கிடையாது. ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் எல்லாம் அடங்கிய வடசென்னைத் தொகுதியின் எம்.பி. மக்களவைக்காரர். ஆனாலும் தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 5 கோடி ராஜ்யசபா உறுப்பினருக்கும் உண்டு, தான் தேர்வான மாநிலத்தில் எங்கே வேண்டுமானாலும் வேலைக்குப் பரிந்துரைக்கலாம். சமுதாயக்கூடமோ பள்ளிக்கட்டடமோ வேண்டுமென்றால் அவரிடமும் கேட்டுப் பார்க்கலாம்.

போன மாதம் வலை பின்னும் அண்ணன் ஒருவர், டிவியில் நன்றாகப் பேசினாரே என்று ஒரு ராஜ்யசபா எம்.பி. பெயருக்கு மனு எழுதித் தரச் சொன்னார். தெருவில் கழிவுநீர் அடைத்துக்கொண்டு பத்து நாளாகிறதாம். பெயரை அடித்துவிட்டு, குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.