கேசட் செட்டைக் கழற்ற அவசரப்படாதீர்கள்

மன்னார்குடியில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் பழுது பார்க்கும் கடை என்னுடையது. டிவி எல்லாம் தட்டையாகி, பழுதானால் பேனலையே மாற்று என்று ஆன பிறகு என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி பழைய கார் செட்டுகள்தாம். நவக்கிரகக் கோயில்களுக்கு ஆளேற்றிச் செல்லும் அம்பாசிடர், சிங்கப்பூர் மகன் பொங்கலுக்கு வந்தால் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் மாருதி 800, முகூர்த்த நாட்களில் நாகஸ்வரக் கோஷ்டியைச் சுமந்து ஓடும் ஆம்னி. "அண்ணே, செல்போனில் இருக்கும் பாட்டு இதில் கேட்க வேண்டும். முடியாதென்றால் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டிவிடுங்கள்" என்பார்கள். அந்த இரண்டாவது வாக்கியம் எனக்குப் பிடிப்பதில்லை.

கேசட் செட்டில் முதலில் வயதாவது டேப் ஓடும் இயந்திரப் பகுதிதான். பெல்ட் இளகிப் பிசுபிசுக்கும், டேப்பைப் படிக்கும் ஹெட் தேயும். வால்யூமுக்குப் பின்னால் இருக்கும், ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பவர் ஐ.சி. ஒழுங்கான எர்த்தும் ஃபியூஸும் இருந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். நம் ஊர் செட்டுகளில் அடிக்கடி பார்க்கும் எல்ஏ 4440 என்ற ஐ.சி. இடது, வலது என்று சேனலுக்கு 6 வாட் தரும். "வெறும் ஆறா?" என்று முகம் சுளிப்பார்கள். புதிய செட்டின் அட்டைப்பெட்டியில் 'நான்கு சேனல், தலா 50 வாட்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியில் கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். மின்னழுத்தத்தை உயர்த்தும் தனிச் சுற்று உள்ளே இல்லாத எந்த செட்டும் அதை வைத்துக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதையாத ஒலியாக 26 வாட்டுக்கு மேல் தர முடியாது. நடைமுறையில் 20 வாட்டைத் தொட்டாலே பெரிது. 6 வாட்டுக்கும் 20 வாட்டுக்கும் இடையே காதுக்குத் தெரியும் வித்தியாசம் ஐந்து டெசிபல்தான். நான்கு கதவு அடைத்த வண்டிக்குள் பாட்டு கேட்க 6 வாட் போதும். பழைய செட்டுக்குத் தேவை, வெளியிலிருந்து பாட்டு நுழைய ஒரு வாசல்.

முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றிவிட்டு, செட்டை வெளியே இழுத்துப் பின்பக்கம் பாருங்கள். 1990களின் கடைசியிலும் அதற்குப் பின்னும் வந்த சில செட்டுகளில் பல சி.டி.களை மாற்றி மாற்றிப் போடும் சி.டி. சேஞ்சருக்கென்று ஓர் உள்வழி சும்மாவே கிடக்கும். இருந்தால் அதற்குரிய கேபிளை வாங்கினால் போதும். இன்னொன்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் பூட்டப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் நான் சொல்வதை நம்பிக் கை வைக்காமல் நல்ல ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியை விடுங்கள்.

எதையும் பிரிக்காமல் முடிக்க வேண்டுமென்றால் கேசட் அடாப்டர் இருக்கிறது. கேசட் வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதிலிருந்து வால் போல ஓர் ஒயர். பெட்டிக்குள் இருக்கும் சிறு காந்தச்சுருள் செட்டின் ஹெட்டுக்கு எதிரே நின்று, டேப் செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள். பெல்ட் நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் டேப் ஓடாவிட்டாலும் சக்கரம் சுற்றினால்தான் செட் 'பிளே'யில் நிற்கும். ஆட்டோ ரிவர்ஸ் செட் சில நொடிக்கொரு முறை பக்கம் மாறிக்கொண்டே இருந்தால், அடாப்டருக்குள் இருக்கும் பல்சக்கரம் இறுகியிருக்கிறது என்று பொருள். வேறு அடாப்டர் வாங்குங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை குறைவு. சிகரெட் லைட்டர் துளையில் சொருகினால் அதுவே ஒரு குட்டி வானொலி நிலையமாகி உங்கள் ரேடியோவுக்குப் பாடும். வெறும் ரேடியோ மட்டும் உள்ள வண்டிக்கு வேறு வழியில்லாவிட்டால் சரி. 88இலிருந்து 108 மெகாஹெர்ட்ஸுக்குள் காலியான இடம் கிடைப்பதுதான் சிக்கல். 100.3இல் காரைக்கால், 100.5இல் கொடைக்கானல், 102.1இல் திருச்சி வானொலி நிலையங்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் நின்று 100.4இல் அமைத்துவிட்டுத் திருநள்ளாறு கிளம்பினால், திருவாரூர் தாண்டிக் கிழக்கே போகப் போகக் காரைக்கால் உங்கள் பாட்டை விழுங்கிவிடும். வேதாரண்யம் பக்கம் போனால் இலங்கை நிலையங்களும் சேர்ந்துகொள்ளும். போகிற பாதை முழுவதும் ரேடியோவை மட்டும் ஓட்டி, எங்கே வெறும் இரைச்சல் கேட்கிறதோ அந்த எண்ணைக் குறித்துவைத்து அதில் போடுங்கள்.

இனி எனக்குப் பிடித்த வழி. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் வீட்டிலேயே செய்யலாம். செட்டின் மூடியைத் திறங்கள். வால்யூம் திருகும் குமிழாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்டீரியோ செட்டில் அந்தக் கன்ட்ரோலின் அடியில் மூன்று மூன்றாக இரண்டு வரிசைக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஓர் ஓரக்கால் எர்த், நடுக்கால் பவர் ஐ.சி.க்குப் போவது, மறு ஓரக்கால் சிக்னல் வந்து சேரும் இடம். செட்டின் தகர உடம்போடு மல்டிமீட்டரில் பூஜ்ய ஓம் காட்டுவது எர்த். நான்காவதாக ஒரு கால் தெரிந்தால் அது லவுட்னஸுக்கானது (வால்யூம் குறைவாக இருக்கும்போது கனத்த ஒலியைத் தூக்கிக் கொடுப்பது), அதைத் தொட வேண்டாம்.

சிக்னல் வரும் காலுக்கு ஓடும் தாமிரத் தடத்தை இரண்டு சேனலிலும் வெட்ட வேண்டும். பிறகு ஐந்து கால் உள்ள, சுவிட்ச் வைத்த 3.5 மி.மீ. சாக்கெட் ஒன்று. வெட்டிய தடத்தின் ரேடியோப் பக்கம் சாக்கெட்டின் சுவிட்ச் கால்களுக்கும், வால்யூம் பக்கம் செல்போன் ஒயரின் பின்னை (சொருகும் முனையை)த் தொடும் கால்களுக்கும் போக வேண்டும், மீதி ஒரு கால் எர்த்துக்கு. பின் சொருகாதபோது ரேடியோ வழக்கம்போல் பாடும், சொருகியதும் ரேடியோ அறுந்து செல்போன் சேரும். கேசட் இல்லாமல் டேப் முறைக்குப் போகவிடாத செட்டுகளே அதிகம் என்பதால் ரேடியோவைப் போட்டுவைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

வெட்டுவதற்கு முன், செட்டை ஓடவிட்டு அந்தச் சிக்னல் காலில் டி.சி. மின்னழுத்தம் இருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பூஜ்யம் என்றால் நேராக இணைக்கலாம். ஏதாவது வோல்ட் காட்டினால் வெட்டின் இரு பக்கத்துக்கும் ஒவ்வொரு 4.7 மைக்ரோஃபாரட் கண்டென்சர், பாசிட்டிவ் கால் செட்டைப் பார்த்தபடி. இல்லையென்றால் அந்த மின்சாரம் செல்போனுக்குள் ஏறும். ஒயர் கட்டாயம் ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். சாக்கெட்டை டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கில் துளையிட்டுப் பொருத்துங்கள், தகரத்தில் வேண்டாம். தகரத்தில் பட்டால் எர்த் இரண்டு வழியில் ஓடி இரைச்சல் கிளம்பும்.

அம்பாசிடர்க்காரர்கள் கொண்டுவரும் பழைய செட்டுகள் சில மோனோ, அதாவது ஒரே சேனல். அதில் இடது, வலது இரண்டு ஒயரையும் முறுக்கி ஒன்றாகப் பற்றவைத்துவிடுவார்கள். தவறு. செல்போனின் ஒரு சேனல் மற்றொன்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதற்குப் பிறகு சேருங்கள். மோனோ என்பதற்காக வருந்தவும் வேண்டாம். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மறைந்தது 1956இல். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததே அதற்குப் பிறகு. அவருடைய தோடியை மோனோ செட்டில் கேட்பதில் எதுவும் குறையப் போவதில்லை.

வாசல் வைத்தாகிவிட்டது, பாட்டும் வருகிறது. சார்ஜரில் போட்டதும் எஞ்சினை முடுக்க முடுக்க ஏறும் ஒரு கீச்சொலி கூடவே வரும். பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மனம் வெறுத்துப் புதிய செட் வாங்குகிறார்கள். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் குற்றம் செட்டில் இல்லை. செல்போனுக்குச் சார்ஜர் வழியாக ஓர் எர்த்தும் பாட்டு ஒயர் வழியாக இன்னோர் எர்த்தும் கிடைத்து, டைனமோவின் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றுகிறது. பைசா செலவில்லாத மருந்து, செல்போனைப் பவர் பேங்கில் போட்டுக் கேட்பது. இல்லையென்றால் பாட்டு ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்ற சிறு குப்பி. அதற்குள் சேனலுக்கு ஒன்றாக இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள், சிக்னலை மட்டும் கடத்தி எர்த்தை அறுத்துவிடும். மிக மலிவானதை வாங்காதீர்கள். உள்ளே இரும்பு குறைவாக இருப்பதால் கனத்த ஒலி மெலியும், தவிலில் வலந்தலை கேட்கும், கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம் காணாமல் போகும். சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் நிற்கவில்லையா? செட்டின் கருப்பு ஒயர் எங்கே பூட்டப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பெயின்ட்டின் மேல் திருகியிருப்பார்கள். சுரண்டி, பளபளக்கும் தகரத்தில் வளைய முனை வைத்து இறுக்குங்கள்.

புளூடூத் வேண்டும் என்பவர்களுக்குச் சில நூறு ரூபாயில் சிறு போர்டுகள் கிடைக்கின்றன. நான் சொன்ன அதே சிக்னல் காலில் இணைக்கலாம். ஆனால் போர்டுக்கும் செட்டுக்கும் மின்சாரம் ஒரே இடத்திலிருந்து போனால், பாட்டில்லாத நேரத்தில் டிக்டிக், கிர்கிர் என்று ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். 12 வோல்ட்டை முதலில் 5 வோல்ட்டாக்கி, அதற்கும் போர்டுக்கும் நடுவில் பி0505எஸ் என்ற பட்டாணி அளவு மாட்யூலை வையுங்கள். உள்ளே வருவதும் 5 வோல்ட், வெளியே போவதும் 5 வோல்ட், இடையே எர்த் தொடர்பு கிடையாது. 1 வாட்தான் தாங்கும் என்பதால் அதிலிருந்து செல்போன் சார்ஜ் செய்ய ஆசைப்படாதீர்கள். அண்மைக்கால செல்போன்களில் வட்டத் துளையே இல்லாததால் ஒயர் வழியில் போகிறவர்கள் டைப்-சி மாற்றி ஒன்று வாங்க வேண்டும். உள்ளே டி.ஏ.சி. சிப் (டிஜிட்டலை ஒலிச் சிக்னலாக மாற்றுவது) உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், வெறும் ஒயர் மாற்றி பல போன்களில் ஊமையாக இருக்கும்.

செட்டே எரிந்துபோயிருந்தால் புதிதுதான் மாட்ட வேண்டும், மறுக்கவில்லை. 'சிங்கிள் டின்' (DIN) எனப்படும் கார் செட்டின் பொது அளவு எங்கும் ஒன்றுதான், முகப்பு 180க்கு 50 மி.மீ. ஒயர் நிறங்களும் பெரும்பாலும் ஒரே மரபு: மஞ்சள் பேட்டரியிலிருந்து நிரந்தரமாக, சிவப்பு சாவி போட்டால், கருப்பு எர்த். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கருப்புக் கோடு போட்டது அந்தந்த ஸ்பீக்கரின் நெகட்டிவ். ஆனால் வண்டிப் பக்கத்து ஒயர்களில் எனக்கு முன்னால் எத்தனை பேர் கைவைத்தார்களோ, நிறத்தை நம்பாமல் மீட்டரை நம்புங்கள்.

இதில் உயிர்நாடியான சோதனை ஒன்று. பழைய வண்டிகள் பலவற்றில் ஸ்பீக்கரின் நெகட்டிவைத் தனி ஒயராக இழுக்காமல் அங்கேயே பாடியில் பூட்டியிருப்பார்கள். பழைய செட் அதை ஏற்கும். புதிய செட்டில் ஸ்பீக்கரின் இரு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும், ஒன்று பாடியில் பட்டால் ஐ.சி. சூடேறி ஓயும், சில சமயம் ஒரேயடியாக. ஆகவே ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் இடையே மீட்டர் வையுங்கள். எதிலும் தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால், பின் தட்டில் இருக்கும் அந்த ஆறுக்கு ஒன்பது ஓவல் ஸ்பீக்கர் வரை புது ஒயர் இழுத்துவிட்டு மாட்டுங்கள். கடைக்காரர்கள் இதைப் பார்க்காமல் மாட்டிக் கொடுத்த செட்டுகள் என் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

மாதக்கணக்கில் கொட்டகையில் தூங்கும் வண்டிக்கு மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்தே சாவி லைனில் கொடுத்துவிடுங்கள். கடிகாரமும் நிலைய நினைவும் ஒவ்வொரு முறையும் அழியும், ஆனால் மகன் வந்து சாவி போடும்போது செட் குடித்ததால் பேட்டரி செத்துக் கிடக்காது.

பென் டிரைவ் போடும் செட் என்றால் 32 ஜி.பி.க்கு மேல் வேண்டாம், எஃப்.ஏ.டி. 32 முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். எம்பி3 எல்லாம் படிக்கும், மற்ற வகைகள் அதிர்ஷ்டம். தமிழில் பெயர் வைத்தால் பல செட்டுகள் கட்டம் கட்டமாகக் காட்டும். பெயர் வரிசைப்படி பாடாமல், நகலெடுத்த வரிசைப்படி பாடும் செட்டுகளும் உண்டு. ஆலாபனைக்கு முன்னால் பல்லவி வந்துவிட்டது என்று என்னிடம் சண்டைக்கு வராமல், 01, 02 என்று எண்ணிட்டு அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள்.

ஒயர் இழுத்த பிறகு நம் பக்கத்துக்கென்றே சில காரியங்கள் இருக்கின்றன. நாகூர், வேளாங்கண்ணி உப்புக் காற்றில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சீக்கிரமே பச்சை பூத்துவிடும், ஈயப்பற்று வைத்து ஸ்லீவ் போடுங்கள். ஐப்பசி மழையில் முன் கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் தண்ணீர் நேரே செட்டின் தலையில்தான் இறங்கும், ரப்பரைப் பார்க்காமல் செட்டுக்குப் பணம் போடாதீர்கள். தையில் சம்பா அறுப்பு முடிந்ததும் வயலை விட்டுக் கிளம்பும் எலிகளுக்குக் கொட்டகையில் நிற்கும் வண்டி மாளிகை. ஒயர்களை வரிக்குழாய்க்குள் விட்டு, எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே தடுக்கும் தகரமான ஃபயர்வாலில் இருக்கும் பழைய துளைகளைத் தகரத்தால் அடைத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள். கடித்த ஒயர் பாடியில் பட்டாலும் ஃபியூஸ்தான் போகும், வண்டி போகாது. எலிமருந்தை மட்டும் வண்டிக்குள் வைக்காதீர்கள். தின்றது டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால், அந்த வாடையோடு வண்டியை என் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தக் கூடாது.