அவர் தங்கியிருக்கும் இடம் கசிந்துவிடக் கூடாது

அடி தாங்காமல் வீட்டை விட்டு வெளியேறிய பெண்ணுக்கு ஆபத்து அன்றோடு முடிந்துவிடுவதில்லை. மனைவி கைவிட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் தேடிவந்து வெறியோடு தாக்குகிற கணவர்கள் இருக்கிறார்கள். அதனால் துணை நிற்கிற அக்கா, தோழி, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருமே கவனமாக இருக்க வேண்டும்.

"முதலில் ஸ்டேஷனில் புகார் கொடு, அப்புறம் தங்க இடம் பார்க்கலாம்" என்று சொல்லி அவரை அலைக்கழிக்காதீர்கள். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் விதிகள்படி, நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் சம்பவ அறிக்கை பதிவாகவில்லை என்று சொல்லிக் காப்பகம் இடம் மறுக்கக் கூடாது. இரவானாலும் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைக்கலாம், பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவ அரசு மாவட்டத்தில் வைத்திருக்கும் சகி மையத்துக்கு நேராகவும் போகலாம். ஆனால் சகியில் பொதுவாக 5 நாள் வரைதான் தங்க முடியும். இதை அறியாமல் போய், போக்கிடம் இல்லாமல் ஆறாம் நாள் அதே வீட்டுக்குத் திரும்ப நேர்வது பெரிய கொடுமை. அடுத்து எந்த இல்லத்துக்கு அனுப்புவார்கள், வளர்ந்த மகனையும் சேர்த்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் தகவல் கசிவது சொந்தக்காரர்கள் வழியாகத்தான். "பிள்ளையைப் பார்க்காமல் அழுகிறார், பாவம்" என்று மனமிரங்கிச் சித்தியோ மாமாவோ இடத்தைச் சொல்லிவிடுவார்கள். சமாதானம் பேசுகிறோம் என்று காப்பக வாசலுக்கே கணவனை அழைத்து வருகிறவர்களும் உண்டு. விலாசம் எத்தனை பேருக்குத் தெரியலாம் என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும். தன்னைப் பற்றி யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டால், காப்பகம் அதை மதித்தே ஆக வேண்டும். சேரும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது போன். லொகேஷன் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கும், கூகுள் கணக்கு கணவனின் போனிலும் திறந்திருக்கும். பணம் எடுத்தால் வரும் எஸ்எம்எஸ் அவன் எண்ணுக்குப் போனால், எந்த ஊர் ஏடிஎம் என்பதுகூடத் தெரிந்துவிடும். குழந்தையின் டேப்லெட்டையும் மறக்காதீர்கள். ஆனால் வீட்டில் இருக்கும்போதே பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினால் அவனுக்குச் சந்தேகம் வரும். வெளியேறிய பிறகு, அவன் கைபடாத வேறொரு போனிலிருந்து மாற்றுவதே பாதுகாப்பு.

"வீட்டை விட்டுப் போனால் உரிமை போய்விடும்" என்று பயந்து அடி வாங்கிக்கொண்டே இருக்கும் பெண்கள் நிறைய. அப்படிப் போகாது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வசிக்கும் உரிமையை அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு தருகிறது. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. இதற்கு விவாகரத்து வழக்கும் தேவையில்லை. வருமானம் எவ்வளவு என்றாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.

ஆதார், சர்டிபிகேட், நகைகளை விட்டுவிட்டு வந்தவர் அவற்றை எடுக்கத் தனியாகத் திரும்பிப் போகவே கூடாது. இந்தச் சட்டப்படி உதவ அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய சீதனத்தையும் பொருள்களையும் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும்.